ஓடும் எஞ்சினில் பார்க்க வேண்டிய எண்ணெய்

1. மூன்றாவது வளைவு

போடியிலிருந்து மலையேறி வந்த எங்கள் எஸ்டேட் துரையின் கார், போடிமெட்டுக்கு மூன்று வளைவு கீழே, முன்னால் போவதை நிறுத்திவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. மிதிக்க மிதிக்க உறுமியது. சக்கரம் மட்டும் சுழலவில்லை. பிறகு கார் பின்னால் உருளத் தொடங்கியது. மழை நாள். நனைந்த டிரம்மில் பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை. இடது பக்கம் பள்ளத்தாக்கு. டிரைவர் முத்தையா ஸ்டியரிங்கை ஒடித்து, காரின் பின்பக்கத்தை வலது பக்க மலைச்சுவரில் முட்டி நிறுத்தினார். பம்பர் மடங்கியது, ஒரு விளக்கு உடைந்தது. துரைக்கு நெற்றியில் சின்ன வீக்கம்.

நடந்தது இவ்வளவுதான். இதற்காக முத்தையாவின் வேலை போயிற்று. அது என்னால் போயிற்று.

நான் அப்போது அந்த எஸ்டேட்டில் பிட்டர், வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். கொல்லங்கோட்டிலிருந்து வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். ஐம்பதுகளின் நடுப்பகுதி.

2. கிளட்ச் இல்லாத வண்டி

எஸ்டேட்டில் மூன்று லாரி, ஒரு ஜீப். ஐந்தாவது வண்டி துரை புதிதாக வரவழைத்த அமெரிக்கக் கார். ஆட்டோமேட்டிக். அதுவரை நான் கேள்விப்பட்டதோடு சரி.

முத்தையாவுக்கு அந்த வண்டிமேல் பெருமை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். இருபது வருடமாக டிரைவர்.

"எடது காலுக்கு வேலையே இல்ல தம்பி. சம்பளத்தோட லீவு குடுத்திருக்காரு துரை" என்பார்.

"வலது காலுக்குங்கண்ணா?"

"அதுக்கு ஓவர்டைம். மலை எறங்கறப்ப பிரேக்க விட்டு எடுக்கவே முடியலல்ல."

காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான் இரண்டு வாரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கியர் பெட்டிக்குள் சிவப்பு எண்ணெய். கியரை மாற்றுவதும், சக்கரத்துக்கு இழுவை தருவதும் அந்த எண்ணெய்தான். அது குறைந்தால் எஞ்சின் ஓடும், கார் ஓடாது. அளவு பார்க்கும் முறை லாரிக்கு நேர் எதிர். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எண்ணெய் சூடாக இருக்க வேண்டும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கை இழுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டால், கிளட்சுக்குப் பதிலாக உள்ள கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெய் கீழே தட்டுக்கு இறங்கிவிடும். ஸ்டிக் ஃபுல் காட்டும். பெட்டி பாதி காலியாக இருந்தாலும் காட்டும்.

எஸ்டேட் வழக்கம் வேறு. காலை ஏழு மணிக்குத் தொழிலாளர்களுக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கு, எடுப்பதுபோல வண்டிகளுக்கும் எடுப்பார்கள். எல்லா வண்டியும் வரிசையாக, எஞ்சின் நிறுத்தி நிற்கும். டிரைவர் ஸ்டிக்கை இழுத்துக் காட்டுவார். பிட்டர் பார்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். காரின் ஷெட் மட்டும் துரையின் பங்களாவை ஒட்டி இருந்தது; அதை அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே எட்டு மணிக்கு முன் எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஹெட் கிளார்க்கிடம் போனேன். பாலக்காட்டுக்காரர், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லாப் பேச்சும் அவர் வழியாகத்தான் போகும்.

"ஓடற எஞ்சின்ல ஸ்டிக்கை இழுக்கறதா? ஓய், லாரிக்கு ஒரு சட்டம், காருக்கு ஒரு சட்டமா?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க சாமி."

"துரைசாணி எழுந்திருக்கறதுக்கு முன்னே அங்க ஈ பறக்கப்படாது. புஸ்தகம் எழுதினவன் வந்து துரைசாணிகிட்டே பதில் சொல்லுவானா? புஸ்தகத்தை நான் வாசிச்சுக்கறேன். நீர் கையெழுத்தைப் போடும்."

போட்டேன். முத்தையாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவரே வந்தார். "பிட்டரே, காருக்கு அடியில செவப்பா சொட்டுது. வெத்தல துப்புன மாதிரி. நேத்தும் கெடந்தது."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் பின்பக்க சீல் கசிந்துகொண்டிருந்தது. புது சீலும் எண்ணெய் டின்னும் கொச்சியிலிருந்து வர வேண்டும். சாமான் கேட்கும் இண்டென்ட் சீட்டை ஹெட் கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்தேன். அது அவர் மேசையிலேயே கிடந்தது. நாள்தோறும் காலையில் நின்ற எஞ்சினில் ஸ்டிக் ஃபுல் காட்டியது. நானும் ஃபுல் என்று எழுதினேன்.

கார் நின்றுபோன அன்று காலையிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

3. விசாரணை

பின்சக்கரங்களைத் தூக்கி லாரியில் கட்டிக் காரைக் கொண்டுவந்தோம். ஷெட்டில் நான் தனியாக இருந்தபோது எஞ்சினை ஓடவிட்டு ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். அதேதான்.

மறுநாள் ஆபீஸில் விசாரணை. துரை நாற்காலியில், நெற்றியில் பிளாஸ்டருடன். ஹெட் கிளார்க் நின்றபடி எழுதினார். குற்றம் இப்படி வாசிக்கப்பட்டது: கவனக்குறைவாக ஓட்டி, காரைச் சுவரில் மோதியது.

முத்தையா, "வண்டி இழுக்கல சாமி. அந்தப் பக்கம் விட்டிருந்தா துரையும் இல்ல, நானும் இல்ல" என்றார்.

"எண்ணெ இருந்தா வண்டி ஏன் இழுக்காது?" என்றார் ஹெட் கிளார்க்.

"எண்ணெ சொட்டுதுன்னு பத்து நாளாச் சொல்லிட்டிருக்கேன். பிட்டர்ட்ட கேளுங்க. அவருக்குத் தெரியும்."

அவர் என்னைக் காட்டிய கையில் தயக்கமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

ஹெட் கிளார்க் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். "இது உம்ம கையெழுத்துதானே? அன்னிக்குக் கார்த்தாலே எண்ணெ எவ்வளவு இருந்தது?"

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். இந்த ஃபுல் பொய், பொய் என்று தெரிந்தே எழுதினேன், நேற்று ஸ்டிக் காய்ந்து வந்தது. சொன்னால் தப்பு உத்தரவில் போய் நிற்கும். அதற்கு முன் என்மேல் நிற்கும். நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"ஃபுல்லுங்க சாமி" என்றேன்.

ஹெட் கிளார்க் என் இண்டென்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவர் மேசையில் அந்த ரெஜிஸ்டருக்கு அடியில்தான் கிடந்தது. நானும் அதை எடுத்துக் காட்டவில்லை. துரை இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொன்னார். முத்தையாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடும் இல்லை. ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

4. எண்ணெய் மாற்றியது

கொச்சியிலிருந்து டின்னும் சீலும் நான்கே நாளில் வந்து சேர்ந்தன.

இளைய மெக்கானிக்குகளுக்காக முறையைச் சொல்கிறேன். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் எண்ணெயை வடிக்க வேண்டும். என் கார் ஓடாது, அதனால் எஞ்சினை மட்டும் ஓடவிட்டுச் சூடாக்கினேன். தட்டின் பிளக், கன்வர்ட்டரின் பிளக், இரண்டையும் திறக்க வேண்டும். தட்டை மட்டும் வடித்தால் பழையதில் பாதி உள்ளேயே தங்கும். பதினொரு குவார்ட், கிட்டத்தட்ட அத்தனை லிட்டர், பிடிக்கும் பெட்டியில் எனக்கு ஆறுதான் வந்தது. சிவப்பு போய்க் காப்பிக் கஷாயமாக இருந்தது, கருகிய நாற்றம். அந்த நிறமும் நாற்றமும் வந்தால் மைல் கணக்கைப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். புத்தகத்தின் மைல் கணக்கு சமவெளிக்கு எழுதியது. மலை ஏறி இறங்கும் வண்டிக்கு அதில் பாதிகூட அதிகம். கசிந்த சீலை மாற்றினேன். பிளக்குகளை மூடி முதலில் ஐந்து குவார்ட் ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, அது ஓடும்போதே மிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். மார்க்கைத் தாண்டினால் நுரைக்கும், அதுவும் கெடுதல். கியர் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் இதற்கு ஆகாது.

ஊற்றி முடிக்கும் நேரத்தில் முத்தையா வந்தார். ஷெட் சாவியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கீழே ரோட்டில் அவர் மனைவி பாத்திர மூட்டையோடு போடி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, என் கையில் ஸ்டிக் இருந்தது. அவர் அதைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

"சரியா இருக்குங்கண்ணா."

"அடுத்து வர்றவன்ட்டயாவது சொல்லிருங்க" என்று சாவியை பானட்மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டவில்லை.

அந்த வாரமே ஹெட் கிளார்க்கிடம் போய், காரை மட்டும் ஒன்பது மணிக்குப் பார்க்கிறேன், எஞ்சின் ஓட்டி, என்றேன். அவர் துரையிடம் கேட்டு வந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஆகட்டும்ங்கறார்" என்றார். இரண்டு மாதத்தில் நான் நிரந்தரமானேன்.

அதன் பிறகு இருபத்தெட்டு வருடம் வெவ்வேறு ஒர்க்‌ஷாப்புகளில் வேலை பார்த்தேன். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எஞ்சின் ஓடாமல் ஸ்டிக் பார்த்து ஒரு முறைகூட எழுதியதில்லை. ஸ்டிக்கில் கண்டதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. வேலை தெரிந்தவன் என்று பெயர் கிடைத்தது. அந்த வேலை, விசாரணை நடந்த அன்றைக்கும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.