ஃபேன் இறக்கை வளைந்தால் டூப்ளிகேட்

புதுக் கேமரா நல்ல கேமராவா என்று கேட்டால் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த கிளிப் நிஜமாகவே அந்தக் கேமராவில் எடுத்ததுதானா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு இளிச்சவாயன் வேண்டும், திண்டுக்கல்லில் அது நான்.

நான் கல்யாண வீடியோ எடிட்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ரெண்டு நாற்காலி. இருபது வருடமாக அடுத்தவர் கல்யாணத்தை வெட்டி ஒட்டுகிறவனுக்குச் சொந்தமாக ஒன்று அமையவில்லை என்பது தனிக் கதை. புதுக் கேமரா வரப்போகிறது என்றாலே 'இதில் எடுத்த சாம்பிள்' என்று கிளிப்புகள் போனுக்குப் போன் தாவும். அதில் பாதி வேறு கேமராவில் எடுத்ததாக இருக்கும். அதை நம்பி வாங்கிவிட்டு முகூர்த்த நாளில் முழிபிதுங்கி நின்றவர்கள் உண்டு. அதனால் எங்கள் பக்கத்து வீடியோக்காரர்கள் வாங்குவதற்கு முன்னால் கிளிப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் ஒரு டீ. என்னைப் போலவே கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் எடிட்டர் சகோதரர்களே, உங்களுக்காவது அது சூடாகக் கிடைக்கிறதா?

விரிந்த மல்லி

நிலக்கோட்டை பாண்டி ஒரு கிளிப்போடு வந்தார். கூடவே அவர் மனைவி. புதுக் கேமரா இருட்டிலும் பளிச்சென்று எடுக்குமாம். அதற்குச் சாட்சியாக, விடியற்காலைப் பூச்சந்தையை லைட்டே இல்லாமல் எடுத்தது என்று யாரோ அனுப்பிய கிளிப் அது. என் பக்கத்து நாற்காலியில் சிக்கந்தர் இருந்தான். சிக்கந்தர் எடுப்பான், நான் வெட்டுவேன், பதினெட்டு வருடக் கூட்டு. பேகம்பூரில் வீடு என்றாலும் அவன் முழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த நாற்காலியில்தான். அவன் எனக்கு மாமா, நான் அவனுக்கு மாப்ள. எந்த வழியில் என்று இரண்டு குடும்பமும் இதுவரை கேட்டதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கிளிப்பை நிறுத்தி, பெரிதாக்கி, நிழலில் புள்ளி தெரிகிறதா, கறுப்பு சாம்பலாகிறதா என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிடிபடவில்லை. அந்த அம்மா பிறந்ததிலிருந்து பூ வியாபாரத்தில் இருப்பவர். திரையை ஒரு பார்வை பார்த்தார். குவித்துக் கிடந்த மல்லி அத்தனையும் விரிந்திருந்தது. காலைச் சந்தைக்கு மொட்டுதான் வரும், விரிவது சாயங்காலம். ஆக, அந்தக் கிளிப் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்து இருட்டாக்கியது. சிக்கந்தர் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த அம்மாவுக்குக் கேமராவைப் பற்றிக் கவலையே இல்லை.

"கேமரா கெடக்குதுண்ணே, விரிஞ்ச பூவ இம்புட்டுக் குமிச்சு வச்சிருக்காகளே, இத எவன் வாங்குவான்?"

வளைந்த இறக்கை

இது நான் செய்த தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓடுகிற ஃபேனைச் சாதாரண வீடியோ கேமராவில் எடுத்துப் பாருங்கள், இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரியும். வளையாமல் எடுக்கும் கேமரா ஒன்று வந்தது. அதன் பெருமையே அதுதான். மதுரையில் ஒரு கடைக்காரர் அதை விற்க எங்கள் பக்கத்துக்கு ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சிக்கந்தருக்குப் பழைய வலது தோள்பட்டை வலி முற்றியிருந்த சமயம். கேமராவைத் தூக்கி நிற்க முடியவில்லை. இந்த வேலை கிடைத்தால் உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. வீடியோக்காரர்கள் எல்லாரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி, கடைக்காரரையும் வரவழைத்து, எரியோட்டில் ஒரு கல்யாணத்தைப் புதுக் கேமராவில் தானே எடுத்ததாகச் சொல்லி, திரையில் கிளிப்பைப் போட்டான்.

மணமேடைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கை வளைந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருபது வருடப் பழக்கம், கண்ணில் பட்டது வாயில் வந்துவிட்டது. "இது பழைய கேமரா. ஃபேனப் பாருங்க, டூப்ளிகேட்டு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. கடைக்காரர் சிரிக்கவில்லை, எழுந்து போய்விட்டார். புதுக் கேமராவில் எடுத்தது கார்டில் பதிவாகாமல் போனதும், கூட்டத்தைக் கூட்டிவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூசி அவன் பழைய கிளிப்பைப் போட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வேலை போய்விட்டது. சிக்கந்தர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஒயரைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நீ சொன்னது சரிதான் மாப்ள, செத்த தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல."

சாணார்பட்டிச் சிறுத்தை

அதன் பிறகு நாற்காலி காலி. ஊரில் என் கண்ணுக்கு மரியாதை கூடியது, அறைக்கு ஆள் வருவது குறைந்தது. மாடியேற ஆட்களுக்குப் பயம் வந்துவிட்டது போல. கிளிப்பைப் போனில் அனுப்புவார்கள், நான் 'சரி' அல்லது 'டூப்' என்று எழுதுவேன், கட்டைவிரல் ஒன்று திரும்பி வரும். முழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்த நாட்கள் உண்டு. காலி நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் அதில் பழைய பேப்பரை அடுக்க ஆரம்பித்தேன். பலமுறை போனை எடுத்து சிக்கந்தர் நம்பர் வரைக்கும் போய் வைத்திருக்கிறேன். என்ன சொல்வது? சரியாகச் சொன்னதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் சாணார்பட்டியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் மச்சினனோடு வந்தார். தோப்பில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார், பொழுது சாயும் நேரத்தில் அதில் சிறுத்தை விழுந்திருக்கிறது. ஊரில் யாரும் நம்பவில்லை. நிஜம் என்று நான் சொன்னால் போதும், ஊர்வாயை அடைத்துவிடுவார். கிளிப்பைப் பார்த்தேன். சிறுத்தை நிதானமாக நடந்து வந்து, மோட்டார் ரூம் சுவரோரம் நின்று, பின்னங்காலைத் தூக்கியது.

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மச்சினனைக் கீழே டீ வாங்க அனுப்பினேன். அவர் இறங்கிப் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அது நாய்" என்றேன். அவர் கிளிப்பை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாயாவே இருக்கட்டும்யா, அவன வெளிய அனுப்பிட்டுச் சொன்னீகளே, அது போதும்."

பதினோரு நிமிடம்

போன மாதம் பாண்டி ஒரு கிளிப் அனுப்பினார். 'யாருன்னு சொல்லக் கூடாதுன்னுட்டாக. வளையாத கேமரா சாம்பிள். ஒரிஜினலான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே' என்று குறிப்பு.

போட்டேன். சிறுமலை தெரிந்தது. அப்படியே இறங்கி பஸ் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டிகள், ஒரு சந்து. எங்கள் சந்து. எதிர் லாட்ஜ் மொட்டைமாடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கேமரா நெருங்கி நெருங்கி ஒரு ஜன்னலில் வந்து நின்றது. உள்ளே ஃபேன் ஓடியது. இறக்கை நேராக இருந்தது, துளி வளைவில்லை. ஒரிஜினல். மூன்று வினாடியில் என் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் கிளிப் முடியவில்லை. ஃபேனுக்குக் கீழே வழுக்கையாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினான், ஒரு டம்ளரில். திரையில் எதையோ பார்த்துப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னான், சிரித்தான். அந்த நாற்காலியில் பழைய பேப்பர்தான் இருந்தது. மறுபடி திரும்பினான், மறுபடி சொன்னான். நான் அப்படித் தனியாகப் பேசுகிறேன் என்பது எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய் அழுகை வந்தது, அழுதேன்.

சாம்பிளுக்குப் பத்து வினாடி போதும். இது பதினோரு நிமிடம். கடைசியில் படம் லேசாக இடது பக்கம் சரிந்தது. அந்தச் சரிவை நான் பதினெட்டு வருடமாகக் கல்யாணம் கல்யாணமாக வெட்டி எறிந்திருக்கிறேன். வலது தோள்பட்டை வலிக்கிறவன் கை அது.

பாண்டிக்கு ஒன்றும் எழுதவில்லை. நேராக சிக்கந்தர் நம்பருக்கே போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஒரிஜினல்தான் மாமா," என்றேன். "அன்னைக்கு நான் தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லியிருக்கணும்."

 அந்தப் பக்கம் அதே பழைய குரல்.

"அது ஒரிஜினல்னு எனக்குத் தெரியாதாக்கும்? அந்தச் சேர்ல கெடக்குற பேப்பர எடுத்துக் கடாசு மாப்ள, வாரேன்."

ஆக, டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வினாடி போதும், ஒரிஜினலுக்கு ஒரு போன் போடத்தான் இரண்டு வருடம் பிடித்தது.