அழுகைக்கு எதிரே ஒரு தட்டுச் சோறு

அயிலையின் செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் தம்பாயி ஏச்சி விலை சொல்வார். நாம் கேட்காவிட்டாலும் காட்டுவார். "பாத்துக்கோ அண்ணாச்சி, ரத்தம் இன்னும் காயல. அப்புறம் என் மீனால வீட்டுல திட்டு வாங்கினேன்னு வந்து நிக்காதே." மலையாளக் கரையான மடக்கரைக்கு வந்து எனக்குப் பாதி ஆயுசு ஓடிவிட்டது. அக்காவை ஏச்சி என்று கூப்பிட நானும் பழகிவிட்டேன். இந்தக் கரைக்கு மட்டும் நான் இன்னும் அண்ணாச்சிதான்.

தெருமுனையில் இளவட்டங்கள் அவரை விடுவதில்லை. "ஏச்சி, சினிமால அழுத மாதிரி ஒரு தடவை அழுது காட்டு."

"மீன் வேணுமா, அழுகை வேணுமா? அழுகைக்கு டிக்கெட் எடுக்கணும்டா."

சினிமா இங்கே முகத்தைவிடப் பேச்சைத்தான் முதலில் தேடி வருகிறது. அந்தப் படத்தை எடுத்த ஷிபின் என்ற இயக்குநர் பக்கத்து ஊர்ப் பையன். கடலில் மகனைப் பறிகொடுக்கும் தாய் வேஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான். பேர்பெற்ற நடிகைகள் கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டான். "அவங்க வாயில நம்ம கரைப் பேச்சு வந்தா எங்கம்மாவே சிரிச்சிடுவாங்க" என்றான். துறைமுகத்தில் ஏலக்காரரை ஏச்சி வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

சிக்கல் ஒப்பாரிக் காட்சியில் வந்தது. துணி போர்த்திய உடல் மணலில் கிடக்கிறது. ஏச்சி அதன்மேல் விழுந்து அழ வேண்டும். எல்லாம் தயார். ஏச்சியோ சம்மணமிட்டு உட்கார்ந்து கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டார்.

"நான் அழ மாட்டேன் மோனே. என் பிரஜித் கடல்ல இருக்கான். உசிரோட இருக்கற புள்ளைய வச்சுக்கிட்டு, செத்த புள்ளைக்கு அழற அழுகையை நான் அழுதா, கடல் அதை நெஜம்னு எடுத்துக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் பிடித்தவர் முதல் டீ கொண்டுவந்தவர் வரை பாதிப் பேர் கடலுக்குப் போகும் வீட்டுக்காரர்கள். ஆண்கள் கடலில் இருக்கும்போது கரையில் ஒப்பாரி எழக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷிபினே தலையைச் சொறிந்தான். "எங்கம்மாவும் அழ மாட்டாங்க ஏச்சி. விடுங்க. வேற யாரையாவது வச்சுத் தூரத்துல எடுத்துக்கறேன்."

அதுதான் ஏச்சிக்குப் பொறுக்கவில்லை. துணிக்கடியில் படுத்திருந்த நடிகனைக் கை காட்டினார். "இத்தனை நாள் படத்துல இவனுக்குச் சோறு போட்டது நானு. இப்ப யாரோ ஒருத்தி வந்து அழுவாளா?"

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "பிரஜித் கரைக்கு வரட்டும். என் கண்ணு முன்னால அவனை உக்கார வச்சு சோறு போடுங்க. அவன் சாப்பிடறதைப் பாத்துக்கிட்டே அழறேன். கடல் கேட்டா கேக்கட்டும். அவன்தான் இங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கானே."

படகு வந்தது. வலை வாடையோடு வந்த பிரஜித்தை கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சோறும் மத்திக் குழம்பும் பரிமாறினார்கள். அவன் முதல் கவளத்தை வாயில் போட்டான். ஏச்சி கூந்தலை அவிழ்த்தார்.

நான் அங்கே நின்றிருந்தேன். மெய் சிலிர்த்தது என்று எழுதினால் போதாது. மென்றுகொண்டிருக்கும் மகனைப் பார்த்தபடியே ஒரு தாய் அப்படியொரு குரலை எங்கிருந்து எடுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. கேமராக்காரர் கண்ணைத் துடைத்ததில் படம் ஆடிப்போய், மறுபடி எடுத்தார்கள். அப்புறம் ஒரு காக்கை குறுக்கே வந்தது. ஒவ்வொரு முறையும் தட்டில் புதுச் சோறு விழுந்தது.

"அம்மா, நீ அழுது முடிக்கறதுக்குள்ள வயிறு வெடிச்சு நெஜமாவே போயிடுவேன் போல" என்றான் பிரஜித். அந்த வார்த்தைக்கு அவன் முதுகில் ஓர் அறை விழுந்தது.

படம் பக்கத்து டவுனான பையனூர் தியேட்டருக்கு வந்த அன்று கரையே திரண்டு போயிற்று. ஏச்சி மகனைக் கடலுக்கு அனுப்பாமல் கையோடு இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தங்கள் வசவும் தங்கள் ஏலக் கூச்சலும் திரையிலிருந்து வருவதைக் கேட்டு ஜனங்கள் சிரித்துத் தீர்த்தார்கள். பிறகு அந்தக் காட்சி வந்தது. திரையில் ஏச்சியின் கண்கள் எதையோ விடாமல் பார்க்கின்றன. கடலைப் பார்ப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை.

ஏச்சி அழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மடியிலிருந்த வாழைப்பழ பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பழம்பொரியைப் பிட்டு, இருட்டில் துழாவி மகனின் தாடியைக் கண்டுபிடித்து, வாய்க்குள் திணித்தார். அந்த ஒப்பாரி ஓயும்வரை, மெல்லுகிற அவன் தாடையின் மேலேயே அவருடைய கை இருந்தது.