தேனருவிக்குப் பக்கத்தில் அறை

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு நானும் என் தோழியும் எடுத்துக்கொண்டது குற்றாலத்து அருவிகளை. இன்றைக்கு எந்த அருவியில் குளிக்கலாம், எதில் தடை என்று ஒரே பக்கத்தில் காட்டும் வலைத்தளம். சீசனில் எங்கள் வீட்டுக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான். அப்பா போலீஸில் இருப்பதால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தடை நிலவரத்தைச் சேமித்து அனுப்பும் பின்புற வேலை என்னுடையது. கண்ணுக்குத் தெரியும் பக்கங்கள், நிறங்கள், பொத்தான்கள் அவளுடையவை. அவள் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் அவளுடையது. என்னுடையது சூடானால் நின்றுவிடும்.

முதல் ரிவ்யூவில் எங்கள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தங்கும் விடுதிகளில் அறை பதிவு செய்யும் தளம் ஒன்றைத் திரையில் போட்டார்கள். பக்கம் திறக்கும்வரை ஒரு நீர்த்துளி சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் தளத்திலும் அதே துளிதான். துளியை இணையத்தில் எவரும் எடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து ‘அருகிலுள்ள அருவி’ என்ற பட்டியலைத் திறந்தார்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி, கடைசியில் தேனருவி.

தேனருவி மலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிறது. அங்கே போக அனுமதி கிடையாது. யாரும் ஏறிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே நான் அதையும் சேர்த்து, தடை என்று எப்போதும் சிவப்பில் காட்டினேன். அறை தேடுகிறவனுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அது எங்கள் பட்டியல்.

ஒரே நிரல் இரண்டு குழுக்களிடம் இருந்தால் இரண்டையும் தள்ளிவிடுவேன், அடுத்த வருஷம் புதிதாகச் செய்யுங்கள் என்று எங்களுக்குப் புராஜெக்ட் கைடாக இருந்த பேராசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். சென்னையில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. இந்த வருஷம் டிகிரி முடிக்காவிட்டால் அந்த வேலை கிடையாது.

எங்கள் நிரல் இருந்த இடங்களை மனசுக்குள் அடுக்கினேன். என் லேப்டாப். லேபில் மூலையிலிருந்த கம்ப்யூட்டர். அவள் லேப்டாப். என்னுடையதை வீட்டில்கூட யாரும் தொடமாட்டார்கள். மிச்சம் இரண்டு.

கறிவேப்பிலைக்காரர் ஒரே நாளில் இரண்டு தடவை வந்தால் ஏன் என்று கேட்கும் போலீஸ்காரர் வீடு எங்களுடையது. ஆரம்பித்துவிட்டால் எனக்கு எல்லாமே கண்ணில் படும். அவள் போனைக் கவிழ்த்து வைப்பது. கேன்டீனில் அந்தப் பையன்களில் ஒருவனோடு சிரித்தது. “முழு ஃபோல்டரையும் அனுப்புட்டி” என்று அடிக்கடி கேட்பது. இதெல்லாம் முன்பும் நடந்ததுதான். முன்பு நான் கவனிக்கவில்லை.

அடுத்த ரிவ்யூவுக்கு ஒவ்வொரு குழுவும் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பையன்களிடம், தளத்தில் தடை நிலவரமும் காட்டச் சொன்னார் கைடு. அப்படியென்றால் எங்கள் நிரலைத் தேடி மறுபடி வருவார்கள். எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்க்க நான் இரண்டு பிரதி செய்தேன். லேப் கம்ப்யூட்டரில் வைத்ததில் பட்டியல் ஐந்தருவியில் தொடங்கும். அவளுக்கு அனுப்பியதில் பழைய குற்றாலம் முதலில் வரும். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை.

அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். “ஏட்டி, பேரருவிய ஏன் கீழ தள்ளிட்ட?”

“பழைய குத்தாலத்துலதான் இப்ப கூட்டம்.”

“அதுக்காவ? பேரருவி கோவிச்சுக்கிடப் போவுது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது ரிவ்யூவில் பையன்கள் பட்டியலைத் திறந்தார்கள். முதலில் இருந்தது பழைய குற்றாலம். எழுதிய நிரல் பிழையில்லாமல் ஓடியதைப் போல ஒரு கணம் திருப்தியாக இருந்தது. அதன்பிறகுதான் அது அவளுக்கு அனுப்பிய வரிசை என்பது உறைத்தது.

மாடிப்படியில் அவளை நிறுத்தினேன். “அவனுவளுக்கு நம்ம புரோகிராம நீதான குடுத்த?”

“எவனுவளுக்கு? கிறுக்கா ஒனக்கு?”

பட்டியல் வரிசையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். “அப்ப அது எனக்குன்னு வச்சதா? நான் கேக்கும்போது கூட்டம்னு சொன்ன?”

அவளே தொடர்ந்தாள். “ரிப்போர்ட்டுக்குப் படம் வேணும்னு ரெண்டு தடவையும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புனேன். வேற யாருக்கும் அனுப்பல.”

தென்காசியில் எங்கள் காலேஜ்காரர்கள் எல்லோரும் ரிப்போர்ட் அடித்து பைண்டிங் போடுவது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரே கடையில்தான். அன்று சாயங்காலம் இருவரும் அங்கே போனோம். ரிப்போர்ட்டைத் தாங்களே திருத்திக்கொள்ள வருகிறவர்களுக்காக அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கடையின் வாட்ஸ்அப் அதில் எப்போதும் திறந்தே கிடக்கும். கல்யாணப் பத்திரிகைகள், யாருடையதோ ஆதார் நகல்கள், அவற்றுக்கு நடுவே எங்கள் ஃபோல்டர், பிரித்த நிலையில்.

“அண்ணாச்சி, படம் மட்டும்தான கேட்டிய?” என்று கடைக்காரரிடம் கேட்டாள் தோழி.

“எது படம், எது என்னன்னு எனக்கென்னம்மா தெரியும்? மொத்தமா அனுப்பச் சொன்னேன், பாத்து எடுத்துக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் அனுப்புதாவ.”

“இதுல வேற யாரு உக்காந்தா?”

“பயலுவ ரெண்டு பேரு, மார்ஜின் சரிபண்ணணும்னு. ரெண்டு மூணு வாட்டி வந்தானுவ. நல்ல பயலுவதான், போவும்போது சேரெல்லாம் ஒழுங்கா போட்டுட்டுப் போனானுவ.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதும் எனக்குள் ஒரு கேள்வி ஓடியது: பையன்கள் அங்கே உட்காருவது இவளுக்குத் தெரியுமா? கேட்கவில்லை.

மறுநாள் கைடிடம் வரிசை மாற்றத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அவங்க பக்கத்தப் பாத்துட்டு, நேத்து ராத்திரி நீயே இதே மாதிரி மாத்தி வச்சிருக்கலாம்லா?” என்றார். சரியான கேள்வி.

இரண்டு குழுக்களையும் கூப்பிட்டார். பையன்களின் லேப்டாப்பில் ஒரு கோப்பைத் திறந்து காட்டிவிட்டு அழித்தார். “இப்ப என்ன ஆகும்?”

“பக்கமே வராது சார்” என்றான் ஒருவன். மற்றவன் தலையை ஆட்டினான்.

நான் வாய் திறப்பதற்குள் தோழி சொன்னாள். “பக்கம் வரும் சார். தடை நிலவரம் மட்டும் வராது. அது வரலேன்னா எல்லா அருவியும் பச்சையா நிக்கும்.”

அது நான் எழுதிய கோப்பு. அவள் அதை இவ்வளவு படித்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. கைடு பக்கத்தைத் திறந்தார். எல்லாம் பச்சை, தேனருவி உட்பட.

“ஏலே, தேனருவிக்குப் பக்கத்துல எவம்லே ரூம் போடுவான்? கரடியா?” என்றார்.

பையன்கள் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் புராஜெக்ட்டைத் தள்ளிவிட்டு எங்களுடையதை ஏற்றுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “நெலவரம் தெரியலேன்னா பச்சையா காட்டுவ? சிவப்புல வை” என்றார்.

அதை மாற்றி, இறுதிப் பிரதியை அவளுக்கு அனுப்பினேன். லேபில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“இதுல எனக்குன்னு என்ன வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லட்டி.”

“சரி” என்று சிரித்தாள். பிறகு பட்டியலைத் திறந்து, என் திரையிலும் அவள் திரையிலுமாக மாறி மாறி, ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டுப் பார்த்தாள். முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.