அரபாவின் பதினான்கு வரிகள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அரபா குவான்சா "மெயில் பார்க்கிறேன்" என்பாள். கேட்டவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து கடிதம் படிக்கிற சுகமான உத்தியோகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவளும் திருத்தமாட்டாள். எங்கள் ஊரான சால்ட்பாண்டில் கடலைப் பார்த்து நிற்கும் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மெயில் சர்வரை ஒன்பது வருடமாகக் கட்டி மேய்ப்பவள் அவள். முதலில் மூன்று வருட ஒப்பந்தம், அது முடிந்து இன்னொரு மூன்று, அப்புறம் இன்னொன்று. வருகிற ஜூனில் அதுவும் முடிகிறது. அதற்கு மேல் நீட்டிக்க விதியில் இடமில்லை. ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வீடு. இதை அவள் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்ற திமிர் அவளிடம் கொஞ்சம் உண்டு. என்னைக் கேட்டால் அது அவளுக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது என்பேன்.

அவள் பெயர் வளாகம் முழுக்கப் பரவியது அந்தப் பதினான்கு வரிகளால்தான்.

அங்கே பட்டப் பைத்தியம் பிடிக்காதவர் குறைவு. மெயிலில் அனுப்புநர் பெயரை அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். இயற்பியல் துறைக்காரர் ஒருவரைச் சொந்த ஊரில் நானா என்று அழைக்கப்படும் சின்னதாய் ஒரு தலைவர் பதவியில் உட்கார்த்திவைத்தார்கள்; மறுநாள் முதல் அவர் மெயில் "நானா டாக்டர் இன்ஜினியர் பாஸ்டர்" என்று ஆரம்பித்து, ஆள் பெயர் வருவதற்குள் திரை முடிந்துவிடும். ஸ்டோர் பொறுப்பாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்கிறவர். "அப்போஸ்தலர்" என்று போட்டுக்கொண்டு, பினாயில் வந்துவிட்டது, வாளியோடு வரவும் என்று மெயில் அனுப்புவார். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் இங்கிருந்து நான்கு பேரைக் கருத்தரங்குக்குக் கூப்பிட்டது. நான்கு பெயரும் "நானா" என்று தொடங்கியதைப் பார்த்து, ஒரே ஆள்தான் நான்கு தடவை எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டி மூன்று அழைப்பை ரத்து செய்தது.

பதிவாளர் எஸ்தர் டாட்சி அம்மையார் அரபாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நியமன ஏட்டுல என்ன இருக்கோ அதுதான் வெளிய போகணும். மூணு சுற்றறிக்கை அனுப்பிட்டேன்."

"பதில் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு. மூணுக்கும். பட்டத்தோட."

அரபா ஒரு மத்தியானம் உட்கார்ந்து விதி எழுதினாள். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் யார் அனுப்பியது, யாருக்கு, என்ன பொருள் என்று சில வரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் அனுப்புநர் வரியை மட்டும் சர்வர் வழிமறிக்கும். முகவரியைப் பார்க்கும், பதிவாளரின் ஏட்டிலிருந்து எடுத்த பட்டியலில் அந்த முகவரிக்கு எதிரே என்ன பெயர் இருக்கிறதோ அதை எழுதி, அனுப்பியவர் போட்டதை அழித்துவிட்டு வழி விடும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் தொடாது. மாற்ற வேண்டி வந்தால் மட்டும், இன்னது இன்னதாக மாற்றப்பட்டது என்று பதிவில் ஒரு வரி எழுதி வைக்கும். மொத்தம் பதினான்கு வரிகள். எழுதி முடித்து ஒரு தடவைதான் சோதித்தாள், அது சரியாக ஓடியது. அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அப்போஸ்தலர் வெறும் திருவாளர் ஆனார். நானாவும் பாஸ்டரும் கழன்று விழுந்தார்கள். அதன்பிறகு அரபாவின் அறை வாசலில் கூட்டம். பட்டம் ஏற வேண்டுமானால் பட்டியலில் ஏற வேண்டும், பட்டியலோ அவள் கையில். மீன் கொண்டுவந்தவர்கள் உண்டு, சர்ச்சில் அவளுக்காக ஜெபித்ததாகச் சொன்னவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பதிவாளர் முத்திரை வைத்த கடிதம். சாமி வரம் கொடுத்தாலும் இந்தப் பூசாரி கொடுக்கமாட்டாள் போலிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். மீனை அவள் திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

பக்கத்து மேஜை ஜோஜோ கேபிள் இழுக்கிற ஆள், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் அவளுக்கு ராஜமாதா என்று பெயர் வைத்தான். தலைவரை நாற்காலியில் உட்கார்த்துவது எங்கள் பக்கம் ராஜமாதாக்களின் வேலை.

"ராஜமாதா, இன்னிக்கு யாரை ஏத்தின, யாரை இறக்கின?"

"உன்னை இறக்க எடமில்ல ஜோஜோ. ஏற்கெனவே தரையிலதான் கிடக்குற, போய் கேபிளைப் பாரு."

ஏப்ரல் மாதம் டாக்டர் கோபினா எசில்ஃபி அவளைத் தன் அறைக்கு வரச்சொன்னார். அறிவியல் கல்வித் துறையின் தலைவர், கணினிக் குழுவுக்கும் தலைவர். ஐம்பத்தொன்பது வயது, அடுத்த வருடம் ஓய்வு. அவருடைய பேராசிரியர் பதவிக்கான கோப்பு இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு மதிப்பீட்டாளர் இருவருக்குப் போனது. ஒருவர் இறந்துபோனார், இன்னொருவர் பதில் போடவில்லை. கிணற்றில் போட்ட கல்தான். அவரிடம் படித்தவர்களே இப்போது புரொபசர்கள். படிக்கட்டில் அவர்கள் "டாக்டர், காலை வணக்கம்" என்று சொல்லும்போது மனிதருக்கு வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது.

"உக்காரு அரபா. நீ செவ்வாக்கிழமை பிறந்தவ. நானும் செவ்வாக்கிழமை. ரெண்டு பேரோட பேர்லயே கிழமை இருக்கு."

"ஆமா சார்."

"ஒரு நாள்ல பிறந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுக்கணும். உன் பட்டியல்ல என் பேருக்கு முன்னால டாக்டர்னு இருக்கு. அதை எடுத்துட்டு புரொபசர்னு போடு. எப்படியும் வரப்போற பட்டம். கொஞ்ச நாள் முன்னாடி வந்தா யாருக்கு நஷ்டம்?"

"கடிதம் வரட்டும் சார். வந்த அன்னிக்கே போடுறேன். உங்க முன்னாடியே போடுறேன்."

"கடிதம் வர்றதுக்குள்ள நான் ஓய்வு பெத்துருவேன். என் சாவு போஸ்டர்லகூட டாக்டர்னுதான் போடுவாங்க."

அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கியது. அரபாவுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தலையாட்டவில்லை. எசில்ஃபி மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார், அடுக்கினதையே மறுபடி அடுக்கினார்.

"ஜூன்ல உன் நிரந்தரக் கோப்பு என் மேஜைக்கு வரும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"போ."

மடியில் கனமில்லாதவளுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அன்று மத்தியானம் வாழையிலையில் கட்டிய சோளமாவு உருண்டை கெங்கேயை வாங்கிவைத்துவிட்டு, பிரிக்காமலேயே ஜோஜோவிடம் தள்ளிவிட்டாள். ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஜூலையில் மங்கேசிம் சந்தையில் போய் என்ன விற்பது என்று யோசித்தாள். ஆனால் பட்டியலைத் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு விசித்திரம் நடந்தது. வராந்தாவில் எதிரே வந்த எசில்ஃபி நின்று, அவள் தோளைத் தட்டினார்.

"நல்ல பொண்ணு. நன்றியை நான் மறக்கமாட்டேன்."

எதற்கு நன்றி என்று அரபாவுக்கு விளங்கவில்லை. அறைக்குத் திரும்பி சர்வரின் பதிவைத் திறந்தாள். விளங்கிவிட்டது. மனிதர் தன் கணினியில் அமைப்புகளுக்குள் போய், அனுப்புநர் பெயரைத் தானே "புரொபசர் கோபினா எசில்ஃபி" என்று மாற்றியிருந்தார். அனுப்பின பெட்டியில் இருப்பது அவர் கணினி எடுத்துவைத்த பிரதி. அங்கே ஒவ்வொரு மெயிலும் புரொபசர் என்றே மின்னியது. ஆகவே அரபா மனமிரங்கிப் பட்டியலை மாற்றிவிட்டாள் என்று நம்பிவிட்டார். சர்வரோ ஒவ்வொன்றையும் வழிமறித்து டாக்டராக்கித்தான் வெளியே விட்டது. வந்த பதில்களின் அடியில் அவர் பெயர் டாக்டர் என்றே இருந்தது. ஆனால் தான் எழுதின கடிதத்தின் வாலைத் தானே யார் படிக்கிறார்கள்? உள்ளே கையெழுத்திலும் அவருக்குப் பட்டம் போடும் வழக்கமில்லை. கே.இ. என்று இரண்டே எழுத்து.

ஜோஜோ அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அடேயப்பா. இதை அப்படியே ஒரு பிரதி எடு. ஜூன்ல அவர் மேஜைல உன் கோப்புக்குப் பக்கத்துல வை. ஒரு வார்த்தை பேச வேணாம், பேனா தானா ஓடும்."

"அப்படி வாங்குற வேலைல நான் எப்படி நிம்மதியா உக்காருவேன்?"

"நாற்காலில உக்காரு. நிம்மதிய அப்புறம் தேடிக்கலாம்."

"நீ சாப்பிடு ஜோஜோ."

அவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் இரண்டு தடவை கிளம்பினாள். தோளைத் தட்டின மனிதரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தடவையும் பாதி வழியில் திரும்பினாள். தைரியசாலிதான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கால் வரவில்லை. நாள் ஓடியது. பதிவில் எசில்ஃபியின் வரிகள் இருநூறைத் தாண்டின.

ஜூன் முதல் வாரம் தாவரவியல் துறையின் சாக்கி ஸ்டேப்ளர் கடன் வாங்க எசில்ஃபியின் அறைக்குப் போயிருக்கிறார். திரையில் புரொபசர் என்று பார்த்துவிட்டு நேராகப் பதிவாளரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். வராத பட்டத்தைப் போட்டுக்கொண்டால் பதவி உயர்வுக் கோப்பு மூடப்படும் என்பது விதி. எசில்ஃபிக்கு வேறு கோப்பு திறக்க வயது இல்லை.

எசில்ஃபி அனுப்பிய மெயில்களின் அச்சோடு வரச்சொல்லி டாட்சி அம்மையார் அரபாவை அழைத்தார். புகார் மேஜை மேல் விரித்துக் கிடந்தது.

"இந்த ரெண்டு மாசத்துல எசில்ஃபி பேருக்கு முன்னால புரொபசர்னு போட்டு ஒரு மெயிலாவது நம்ம சர்வரை விட்டு வெளிய போயிருக்கா?"

"இல்ல மேடம். ஒண்ணுகூட இல்ல."

"நிச்சயமா?"

"என் விதி நிச்சயம் மேடம். போன எல்லா மெயிலும் கொண்டுவந்திருக்கேன், பாருங்க."

அம்மையார் பத்துப் பதினைந்து தாளைப் புரட்டினார். டாக்டர், டாக்டர், டாக்டர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். முப்பது வருடம் பதிவாளர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவர், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்.

"அவர் என்ன தட்டினாரு?"

"மேடம், வெளிய என்ன போகணும்னுதான் நீங்க எனக்கு உத்தரவு போட்டீங்க. யார் தன் ரூம்ல உக்காந்து என்ன தட்டுறாங்கன்னு பாக்கச் சொல்லல. அதையும் பாக்கணும்னா எழுத்துல கொடுங்க, இன்னிலேர்ந்து எல்லார் மேலயும் பாக்குறேன். சாக்கி சாரையும் சேத்து."

அம்மையார் பேனாவை எடுத்து, புகாரின் ஓரத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பிற்பகல் எசில்ஃபி அவள் அறைக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஜோஜோ எழுந்து, எங்கோ ஒரு கேபிள் அறுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டான். எசில்ஃபி அவனுடைய கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார். கோப்பு மூடப்படும் என்று காலையிலிருந்து காத்திருந்தவர் முகம் சாம்பலாக இருந்தது.

"ஆதாரம் இல்லைன்னு பதிவாளர் சொல்லிட்டாங்க. நான் அனுப்பின மெயில் எல்லாம் எங்க போச்சு?"

அரபா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார். புரொபசர், டாக்டராக மாற்றப்பட்டது. அடுத்த வரியும் அதுவே, அதற்கடுத்ததும் அதுவே. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். கீழே போகப்போக அவர் விரல் மெதுவானது.

"அப்ப யாருமே பாக்கலையா? ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட பாக்கல சார்."

"ரெண்டு மாசம் நான் புரொபசர்னு நெனச்சுக்கிட்டு நடந்தேன்."

அவருக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லியிருக்கணும் சார். அது என் தப்பு. தைரியம் வரல, மன்னிச்சுக்கங்க."

"இதைப் பதிவாளர்கிட்ட காட்டலையா?"

"வெளிய என்ன போச்சுன்னு கேட்டாங்க. அதைக் காட்டினேன்."

"என்கிட்ட காட்டி உன் வேலையைக் கேட்டிருக்கலாம். உன் கோப்பு என் மேஜை மேலதான் இருக்கு."

"அதுல ஒன்பது வருஷத்து வேலை இருக்கு சார். அதைப் படிங்க. படிச்சுட்டு என்ன தோணுதோ எழுதுங்க. வேணாம்னு தோணினா வேணாம்னே எழுதுங்க."

அவர் எழுந்து நாற்காலியை அதன் இடத்தில் தள்ளிவைத்தார். அதன் கால் கழன்று கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்துவிட்டுப் போனார்.

பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. ஜோஜோ கேலி செய்வதை நிறுத்திவிட்டான், அதுதான் அவளுக்குப் பயத்தைக் கிளப்பியது. அறையில் இருந்த தன் தேநீர்க் கோப்பைகளையும் மழைக்கோட்டையும் ஒரு பெட்டிக்குள் எடுத்துவைத்தாள். அடுத்து வருகிறவருக்குப் புரியும்படி அந்தப் பதினான்கு வரிகளுக்கும் பக்கத்தில் விளக்கம் எழுதிவைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை மெயில் வந்தது. பதிவாளருக்கு, நகல் அரபாவுக்கு. திருமதி அரபா குவான்சாவின் கோப்பை முழுமையாகப் படித்தேன். அவரை நிரந்தரமாக்கக் கணினிக் குழு பரிந்துரைக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும், அதில் உள்ளவர்களின் பெயரும் அவர் கையில் பத்திரமாக இருக்கின்றன. கே.இ.

மேலே அனுப்புநர் வரியில் டாக்டர் கோபினா எசில்ஃபி என்று இருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அவளுடைய விதி அப்படி. அவள் கை தானாகப் பதிவைத் திறந்தது. அன்றைய தேதிக்குப் போய்த் தேடினாள். அப்போஸ்தலர் இன்னும் முயன்றுகொண்டிருந்தார், இயற்பியல் நானாவுக்கும் இரண்டு வரி இருந்தது. எசில்ஃபி பெயரில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை தேடினாள். இல்லை. அந்த மெயிலில் சர்வர் மாற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை. டாக்டர் என்று அவரே தட்டியிருக்கிறார்.

அரபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை கிடைத்ததற்குக்கூட அவள் அழவில்லை, இதற்கு அழுதாள்.

ஜோஜோ பெட்டியிலிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினான்.

"ராஜமாதா, பாவம் அந்த மனுஷன். இப்பவாவது அவரை ஏத்திவிடக் கூடாதா?"

"ஏத்துவேன். கடிதம் வரட்டும்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள் அரபா. சொல்லிவிட்டு, பதில் போடாமலிருந்த அந்த இரண்டாவது மதிப்பீட்டாளரின் முகவரியைத் தேட ஆரம்பித்தாள், இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் போன மெயில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்காக.