கேட்காமல் போட்ட டிக்

போன வாரம் அலுவலகக் காணொலிக் கூட்டம் ஒன்றில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் முகத்தையே உற்றுப் பார்ப்பது தெரிந்தது. பேச்சில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம் நீட்டினேன். முடிந்ததும் மனைவி வந்து, "கன்னத்துல என்னங்க இவ்ளோ கரி?" என்றாள். பழைய ஹெட்போனின் காது மெத்தை உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது. கொல்கத்தாவின் ஈரக்காற்றில் எந்தச் செயற்கைத் தோலும் மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாங்குவதில்லை. மெத்தையைக் கழற்றினால் உள்ளே இருந்த நுரைப்பஞ்சிலிருந்து லேசான புளித்த வாடை வந்தது. அது எனக்குப் பழக்கமான வாடைதான். லேக் கார்டன்ஸில் ஒரு மூன்றாம் மாடி அறைக்கு அந்த வாடை உண்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கரூரிலிருந்து சால்ட் லேக் பக்கம் ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலைக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கரியாஹாட்டில் வாங்காத சட்டைகளுக்கெல்லாம் பேரம் பேசிக்கொண்டிருந்த காலம். பிரபீர்-தா (இங்கே அண்ணனைத் 'தா' என்பார்கள்) என்று ஒருவர் தன் வீட்டு அறையிலிருந்தே ஓர் இணைய இதழ் நடத்துகிறார், விலை உயர்ந்த ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் ஹெட்போன்களையும் கேட்டு மதிப்பிடுகிறார், ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடுகிறார் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். போய் நின்றேன். சம்பளம் கிடையாது, டீயும் சிங்காராவும் உண்டு என்றார். சிங்காரா என்றால் நம்மூர் சமோசாவின் அண்ணன். உடனே சேர்ந்துவிட்டேன்.

அந்த அறையின் நான்கு சுவர்களிலும் ரஜாய் எனப்படும் குளிர்காலப் பஞ்சுப் போர்வைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார், எதிரொலி வராமலிருக்க. சத்தம் போடும் என்பதால் கேட்கும் நேரத்தில் மின்விசிறி கூடாது. "பாக்கா பொந்தோ" என்று பிரபீர்-தா சொன்னதும் எங்களில் யாராவது எழுந்து விசிறியை அணைப்பார். மே மாதத்தில், சுற்றிலும் ரஜாய்க்கு நடுவே, விசிறியில்லாமல், லட்ச ரூபாய் சாமானுக்கு முன்னால் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருக்கும் மனிதர்களை நினைத்துப் பாருங்கள். போதாததற்குப் பக்கத்திலேயே லோக்கல் ரயில் பாதை. கதவில் ரயில் நேரப் பட்டியல் ஒட்டியிருக்கும். இரண்டு ரயில்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் எங்கள் மதிப்பீடு.

அங்கேதான் ஜெயந்தியைப் பார்த்தேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தா. பாலிகஞ்சில் ஒரு வங்கியில் அதிகாரி. என்னைவிட ஒரு வயது இளையவர். தமிழ் வீட்டோடு சரி, கோபம் வந்தால் வங்காளம். இதழில் எழுதியவர் என்று என் பெயரும் கேட்டவர் என்று அவர் பெயரும் வரும். ரகசியம் இதுதான்: என் காது சுமார். உரிச்சொல்தான் என் சரக்கு. ஓர் அடித்தொனியைப் பற்றி நான் எழுதினால் படிப்பவருக்கு நாக்கில் எச்சில் ஊறும்; அப்படி ஓர் அடித்தொனி இருப்பதையே எனக்குக் காட்டித்தந்தவர் ஜெயந்தி. நோட்டு எண்ணும் இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய் போட வேண்டும் என்று வங்கியில் அவரைத்தான் கேட்பார்களாம்.

முதல் நாள் ஏதாவது நல்ல பாட்டாகப் போடலாமே என்றேன். சிரித்தார். "பாட்டு போட்டா பாட்டைத்தான் ரசிப்பீங்க எழுத்தாளரே, மெஷினைக் கேக்க மாட்டீங்க." அவர்கள் போட்டது கரியாஹாட் சந்திப்பில் பிரபீர்-தாவே பதிவு செய்துவந்த ஒலி. கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அடிக்கிறார், புடவைக்காரர் புடவையை உதறுகிறார், குடை ஒன்று விரிகிறது, யாரோ சில்லறையைக் கீழே போடுகிறார்கள். நல்ல ஹெட்போன் என்றால் விழுந்தது எந்தக் காசு என்று ஜெயந்தி சொல்லிவிடுவார். இன்னும் நல்லதென்றால், காசு சிமெண்டில் விழுந்ததா கல்லில் விழுந்ததா என்றும் சொல்வார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றுவரை எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

அவர்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. உல்டோ என்பார்கள், வங்காளத்தில் மாற்றிப் போடுவது. இடது காதில் இருக்க வேண்டியதை வலது காதுக்கு மாற்றி மாட்டி மறுபடி கேட்க வேண்டும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், அது ஹெட்போனின் குறையா காதின் குறையா என்று அதில் தெரிந்துவிடும். ஹெட்போனின் குறை என்றால் கூடவே அடுத்த காதுக்குப் போகும். காதின் குறை என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்பவர் கண்ணை மூடிக்கொள்வார். பத்துப் பன்னிரண்டு முறை மாட்டிக் கழற்றுவோம். எது நேர், எது உல்டோ என்று அவருக்குத் தெரியக் கூடாது. மாட்டுவதும் தாளில் டிக் போடுவதும் எழுதுபவன் வேலை, அதாவது என் வேலை. ஜலதோஷ நாட்களில் நான் கேட்கும் முறை வந்தபோது உல்டோவில் பலமுறை மாட்டிக்கொண்டு அசடு வழிந்திருக்கிறேன்.

துர்கா பூஜை நெருங்கிய ஒரு மழைக்கால ஞாயிறு. ஜாதவ்பூரில் சுப்ரதோ என்ற இளைஞர், வேலையை விட்டுவிட்டுக் கையாலேயே ஹெட்போன் செய்ய ஆரம்பித்திருந்தார். தேக்கு மரக் கிண்ணம், பார்க்கவே அழகு. முதல் மாதிரியை எங்களிடம்தான் அனுப்பியிருந்தார். ஜெயந்தி கேட்டார். புருவம் சுருங்கியது. இடது பக்கம் கொஞ்சம் கம்மி என்றார். நானும் வாங்கி மாட்டினேன். அவர் சொல்லிவிட்டதால் எனக்கும் கம்மியாகவே கேட்டது. அந்த நொடியில் எனக்கு ஒரு வாக்கியம் வந்து விழுந்தது: "இந்த ஹெட்போனின் வலது பக்கம் பேசுகிறது, இடது பக்கம் வெட்கப்படுகிறது." ஆஹா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உல்டோ பாக்கி இருந்தது; ஜெயந்தி அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்ததால், அதை நானே போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ரயில் வரும் நேரம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இதெல்லாம் சாக்கு. மாற்றிப் போட்டு, அந்த வாக்கியம் பொய்யாகிப் போனால் என்ன செய்வது என்ற எண்ணம்தான் காரணம். உல்டோ ஆயிற்று என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு விசிறியைச் சுழலவிட்டேன்.

வாக்கியம் நன்றாக ஓடியது. ஊரெல்லாம் எடுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். சுப்ரதோவிடம் முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் கழித்து அவரே அந்த அறைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஜெயந்தியின் முன் நின்று, ஒரே ஒரு முறை உல்டோ போட்டுக் கேளுங்கள் என்று வங்காளத்தில் கேட்டுக்கொண்டார். பிரபீர்-தா விசிறியை அணைத்தார். ஜெயந்தி கண்ணை மூடினார். சுப்ரதோ நேராக மாட்டினார், கழற்றினார், மாற்றி மாட்டினார். கரியாஹாட் பதிவு ஓடியது. ஜெயந்தி கண்ணைத் திறந்து, மாட்டியிருக்கும் விதத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"இப்பவும் இடதுதான்."

பிரபீர்-தா பழைய தாளை எடுத்துப் பார்த்தார். டிக் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த ரஜாயைப் பார்த்தேன். அவர் தாளை மடித்து வைத்தார்.

ஜெயந்தியின் இடது காதைப் பார்த்த மருத்துவர், கேட்கும் நரம்பு தளர்ந்துவிட்டது என்றார். போனது திரும்பாது, மெல்ல இன்னும் போகும். பிரபீர்-தா ஜெயந்தியிடம் ஒரு வழி சொன்னார். முதல் மாதிரியில் கோளாறு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று போட்டுவிடலாம், இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், உன் பெயரும் கெடாது என்றார். ஜெயந்திக்கு இருந்த சொத்தே அந்தப் பெயர்தான். தன் ஸ்பீக்கரை அவர் கேட்டார் என்று சொல்லிக்கொள்வதே கடைக்காரர்களுக்குப் பெருமை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தானே நான்கு வரி எழுதினார். ஹெட்போனின் இடது பக்கத்தில் குறையில்லை, என் இடது காதில் குறை, தயாரித்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இனி நான் மதிப்பிடப் போவதில்லை. உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய அத்தனை பக்கங்களையும் அந்த நான்கு வரிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுப்ரதோவுக்குப் பாதிக்கு மேல் முன்பதிவுகள் திரும்பி வந்தன. டிக் பற்றி அந்த வரிகளில் எதுவும் இல்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது யாரும் ஹெட்போன் வாங்க மூன்று மாடி ஏறுவதில்லை. காணொலியில் ஒருவர் பெட்டியைப் பிரித்ததுமே ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பிரபீர்-தா மகளோடு பெங்களூர் போய்விட்டார். அந்த அறையில் இப்போது யோகா வகுப்பு நடக்கிறது. விசிறி சுற்றுகிறது.

ஜெயந்தியை அவ்வப்போது பார்ப்பதுண்டு. போன மாதம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். அவருடைய இடது பக்கம் நடந்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் நின்றார்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

வலது பக்கம் போய் நின்றேன். அன்றைக்கு நான் உல்டோ போடவே இல்லை என்று மறுபடி சொன்னேன்.

"தெரியும். பிரபீர்-தா தாளை எடுத்த அன்னிக்கே தெரியும். நீங்களா எழுதுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

இப்போதாவது எழுதிவிடுகிறேன், அவருடைய நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக என்றேன். அவர் நடக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து தேடினேன். இணைய முகவரிக்குக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் இதழ் எப்போதோ அழிந்திருந்தது. இடது பக்கம் வெட்கப்படுகிறது என்ற என் வாக்கியத்தை மட்டும் யாரோ எங்கோ எடுத்துப் போட்டிருந்தார்கள், அது கிடைத்தது. ஜெயந்தியின் நான்கு வரி எங்கும் இல்லை.