பிளசி நின்றுகொண்டே வந்தாள்

எட்டு வயதுப் பெண் பாவாடையை நனைத்துக்கொண்டால், நாலு அடி போட்டால் நின்றுவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

லூர்து மேரிக்கு ஊரே சொன்னது. மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் கூலி வேலை அவளுக்கு. மகள் பிளசி மூன்றாம் வகுப்பு. மற்றப் பிள்ளைகளைப் போலவே ஒழுங்காகக் கழிவறைக்குப் போவாள். போய்விட்டு வந்த ஐந்தாம் நிமிடமே துணி ஈரமாகிவிடும். பகலென்றும் இரவென்றும் இல்லை, சொட்டிக்கொண்டே இருக்கும். வகுப்பில் அவளுக்குப் பெயர் ஒகேனக்கல்.

"ஏய் ஒகேனக்கல், தள்ளி ஒக்காரு. பெஞ்சி முழுகிப்போவும்!"

பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீர் குடிக்காதே என்றாள் மேரி. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மந்திரிக்கிற ஆளிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டவைத்தாள். அவன் சொன்னபடி கரண்டியைக் காய்ச்சித் தொடையில் சூடும் வைத்தாள். கயிறு கட்டியவனுக்குச் சிறுநீரகம் எந்தப் பக்கம் இருக்கிறதென்றாவது தெரியுமா? யாரும் கேட்கவில்லை. கடைசியில் குளிர்நடுக்கக் காய்ச்சல்தான் அவர்களை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

ஸ்கேன் பார்த்த குழந்தைகள் அறுவை மருத்துவர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "சிறுநீரகத்திலிருந்து வர்ற குழாய் ஒண்ணு மூத்திரப் பையில சேராம கீழே தனியா திறந்திருக்கும்மா. பிறவியிலேயே அப்படி. ஆபரேஷன்ல சரிபண்ணிடலாம். தள்ளிப்போட்டா கிருமி ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போகும்."

பிளசி கேட்டாள்: "அப்ப நான் வேணும்னு பண்ணலீங்களா டாக்டர்?"

"இல்லடா கண்ணு."

மேரி மகளின் பாவாடையைத் தழும்பின்மேல் இழுத்துவிட்டாள்.

காய்ச்சல் தணிந்து, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. புதன்கிழமை நர்ஸ் படிவத்தை நீட்டினார். "அப்பா எங்கம்மா? கையெழுத்து வேணும்."

அப்பா சவுரியப்பன் ஓசூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். போனில் கத்தினான்: "வயித்துல தையல் போட்ட பொண்ண எவன்டி கட்டுவான்? வயசுக்கு வந்தா தானா நின்னுடும். வூட்டுக்கு வந்து சேருங்க!"

"நான் பெத்தவதானுங்க சிஸ்டர். நான் போட்டா ஆகாதுங்களா?"

"நாளைக்கு அவரு வந்து சண்டைக்கு நின்னா யாரு பதில் சொல்றது?"

சுமந்து பெற்றவள் கை எதிரிலேயே இருக்கிறது. அது போதாதாம், ஓசூரில் இருக்கும் கை வேண்டுமாம். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது? மேரிக்குக் கேட்கத் தெரியவில்லை. மருத்துவரைத் தேடினாள். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். வியாழன் காலை பிளசியின் கட்டிலில் வேறொரு குழந்தை படுத்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது.

"ஒக்காரு பிளசி."

"வேணாம்மா. சீட்டு நனைஞ்சிடும்."

ஊர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேரியும் உட்காரவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் அப்பாவின் கையெழுத்துதான் வேண்டுமாம். காய்ச்சல் அதற்குள் திரும்பி வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் தெருவில் இப்படியொரு பெண் இருந்தால் கை ஓங்காதீர்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒழுங்காகப் போய்விட்டு வந்த பிறகும் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சவுரியப்பன் சனிக்கிழமை ஊருக்கு வருவான். அவனைத் தெரிந்தவராக நீங்கள் இருந்தால், தயவுசெய்து போய்ப் பேசுங்கள்.