வெயிலில் பார்த்த வீடு

பிள்ளைகளா, பொழிச்சலூரின் இந்தப் பழைய தெருவில் நம் வீட்டை நான் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தது கோடையில். ஐப்பசியில், பத்திரப்பதிவுக்கு முந்தின நாள், மழைத்தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். தெருவில் முழங்கால் வரை நின்றது. எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து கேட்டார்.

"இன்னா சார், மழையில பாத்துட்டுதான் வூடு வாங்குவாங்க. நீங்க அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து பாக்குறீங்களா?"

"உள்ள வருமாக்கா?"

"படி வரைக்கும் வரும். பெருமழைன்னா உங்களக் கேக்காமலே உள்ள வந்துடும்."

விலகினால் அட்வான்ஸ் திரும்பாது. எனக்குக் கோபமோ பயமோ வரவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி வாடகை வீட்டுக்குத் திரும்பினேன்.

"தண்ணி நிக்குதா?" என்று உங்கள் அம்மா கேட்டாள்.

"இல்ல" என்றேன். மறுநாள் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.